ஆட்சி அருகில் இருந்தால் போதுமா?

ஆட்சி மக்களின் அருகே வந்துவிட்டால் குறைகள் தாமே அகலும் என்பார் உளர். அக்கூற்றில் பாதியே உண்மை என்பது நமது துணிபு. ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடல் நடுவே கிடக்கும் மேற்குத் தீவுகளின் உள்ளாட்சி வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1975ஆம் ஆண்டுக்கு முன்னர் இத்தீவுகளுக்கெனத் தனி மன்றம் இல்லை. லூயிஸ், ராஸ்-குரோமார்ட்டி மாவட்டத்தோடும், ஹாரிஸ் முதல் பாரா வரையுள்ள தென்பகுதி, இன்வர்னஸ் மாவட்டத்தோடும் இணைந்திருந்தன. கடலுக்கு அப்பால் பெருநிலத்தில் அமர்ந்திருந்தோரே தீவின் சாலைக்கும் பள்ளிக்கும் திட்டம் வகுத்தனர். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, ஸ்டார்னோவே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தனி மன்றம் 1975இல் பிறந்தது. 1996இல் பெருநிலத்தின் மண்டல மன்றங்கள் கலைக்கப்பட்டு 32 மன்றங்கள் வகுக்கப்பட்டபோதும் இம்மன்றம் நிலைத்தது.

விளைந்த நன்மை சிறிதன்று. மக்கள் பேசும் கேலிக் மொழி மன்றம் ஏறியது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தைத் துணைக்கொண்டு மன்றம் தன் பெயரையே கேலிக் மொழியில் 'கோர்லே நன் எலன் ஷியர்' என அமைத்துக்கொண்டது. கட்சிச் சார்பற்றோரே உறுப்பினருள் பெரும்பான்மையினராய் இருந்து வருவதும் குறிக்கத்தக்கது.

ஆயின், அண்மை மட்டும் காவலாகிவிடவில்லை. 1991இல் பி.சி.சி.ஐ. என்னும் பன்னாட்டு வங்கி மூடப்பட்டபோது, மன்றம் அதில் இட்டிருந்த 2 கோடியே 30 இலட்சம் பவுனுக்குக் குறையாத தொகை முடங்கிப்போயிற்று. அன்று தீவுகளின் மக்கள் தொகை 30,000ஐக்கூட எட்டவில்லை. தலைக்கு 700 பவுனுக்கு மேல்! உடையவன் பாராப் பயிர் உருப்படுமா? அண்டை வீட்டாரே ஆள்கிறார் என்னும் நம்பிக்கை, கணக்குக் கேட்கும் கடமையை மறக்கச் செய்தல் ஆகாது.

பிறிதொரு குறையும் உண்டு. 2017ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றவர்களுள் ஒரு பெண்கூட இல்லை. இத்தனைக்கும் தேர்தல் முறை பழுதுடையதன்று. 2007 முதல் ஸ்காட்லாந்து உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என வரிசைப்படுத்துகின்றனர். முதல் விருப்பம் பெற்றவர் தோற்று விலகினும், தேவைக்கு மிஞ்சிய வாக்குப் பெற்று வென்றாலும், அவ்வாக்கு அடுத்தவருக்குப் பயன்படுகிறது. 16 வயதினர்க்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமை வழங்கியது. வாயில் அகலத் திறந்திருந்தும் மக்களில் பாதியினர் வெளியே நின்றனர் எனில், குறை சட்டத்தில் இல்லை. யார் ஆளத் தக்கவர் என்னும் சமுதாயத்தின் எண்ணத்தில் உள்ளது.

சட்டம் மன்றத்தை மக்களின் அருகே கொணரும். மன்றத்தை மக்களுடையதாக ஆக்குவது மக்களின் விழிப்பே. வாக்களித்த நாளோடு கடமை முடிந்தது எனக் கருதும் ஊரில், எத்துணை அருகே இருப்பினும் ஆட்சி தொலைவிலேயே இருக்கும். மாணவச் செல்வங்கள் இதனை உள்ளத்தில் இருத்துவார்களாக.