பந்தை விட்டார், திடலை விடவில்லை



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் திடல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று என்று எப்படியும் ஒரு திடல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே காற்பந்து நடந்தால் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான். நாம் என்ன செய்தோம்? துணி எடுக்கப் போகும் வழியில் வேலி ஓரமாக நின்று இரண்டு நிமிடம் பார்த்தோம். அடுப்பில் வைத்தது நினைவுக்கு வந்ததும் வீடு திரும்பினோம்.

அந்தத் திடலின் நடுவில் ஒரு பெண் நின்று, விசில் ஊதி, இருபத்திரண்டு ஆண்களை ஆட வைத்தால் எப்படி இருக்கும்? சிரிக்காதீர்கள். நடந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதுவும் உலகக் கிண்ணப் போட்டியிலேயே நடந்தது.

அவர் பெயர் ஸ்டெபானி பிராப்பார். பிரான்சு நாட்டுக்காரர். 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், பாரிஸ் நகரத்துக்கு வெளியே லெ பிளெஸி-புஷார் என்னும் ஊரில் பிறந்தவர். அப்பா உள்ளூரில் காற்பந்து ஆடியவர். அவர் ஆடுவதைப் பார்க்கத் திடலுக்குப் போய்ப் போய், மகளுக்கும் பந்தின் மேல் ஆசை வந்துவிட்டது. சிறு வயதிலேயே ஆடத் தொடங்கினார்.

பதின்மூன்று வயதில் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. "ஆடுகிறோமே, ஆட்டத்தின் சட்டம் நமக்குச் சரியாகத் தெரியுமா?" என்று நினைத்தார். சட்டத்தைக் கற்றுக்கொள்ள நடுவர் வகுப்பில் சேர்ந்தார். காற்பந்துக்கு மொத்தம் 17 சட்டங்கள். அவற்றைப் படித்துச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களில் விசில் ஊதத் தொடங்கினார். கொஞ்ச காலம் ஆட்டமும் நடுவர் வேலையும் சேர்ந்தே போயின. இரண்டுமே வார இறுதியில்தான் நடக்கும் என்பதால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாளும் வந்தது. பதினெட்டு வயதில் ஆட்டத்தை விட்டார். விசிலைக் கையில் எடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பதினெட்டு வயதில் ஒரு பெண் பந்தை விட்டுவிட்டாள் என்றால் நம் ஊரில் அதற்கு என்ன பொருள்? திடலையே விட்டுவிட்டாள் என்றுதான் பொருள். பிறகு வீடு, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை போய்விடும். பிராப்பார் பந்தை விட்டாரே தவிர, திடலை விடவில்லை. அவர் கதையில் நமக்கு வேண்டிய பாடம் அதுதான்.

உடனே யாரும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. 2009இல் அனைத்துலக நடுவர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. 2011இல் பிரான்சின் மூன்றாம் பிரிவு ஆண்கள் போட்டிகளில் விசில் ஊதினார். 2014இல் இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தார். முதல் பிரிவில் அவர் கால் வைத்தது 2019 ஏப்ரல் 28இல்தான். அமியான் அணிக்கும் ஸ்ட்ராஸ்பூர் அணிக்கும் நடந்த ஆட்டம் அது. பதின்மூன்று வயதில் படித்த சட்டப் புத்தகம் முதல் பிரிவுத் திடலுக்கு வர இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஒவ்வொரு படியாக ஏறியதால் யாரும், "இவளைச் சலுகையில் கொண்டு வந்தார்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை.

சலுகை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் நடுவராக நிற்க விரும்பும் பெண், ஆண் நடுவர்களுக்கு வைக்கும் அதே ஓட்டச் சோதனையில் தேற வேண்டும். 40 மீட்டர் தூரத்தை 6 வினாடிக்குள் ஓட வேண்டும். ஒரு தடவை ஓடினால் போதாது, ஆறு தடவை ஓட வேண்டும். அதற்குப் பிறகு 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி, 25 மீட்டரை 18 வினாடியில் நடந்து, மறுபடியும் ஓட வேண்டும். இப்படி நாற்பது தடவை. கூட்டினால் நான்கு கிலோமீட்டர் ஆகிறது. "பெண் என்பதால் கொஞ்சம் விட்டுக் கொடுங்கள்" என்ற பேச்சே அங்கே கிடையாது. பிராப்பார் அந்தச் சோதனையில் தேறித்தான் வந்தார். உயரத்திலும் அவர் பெரிய ஆள் இல்லை. 1.64 மீட்டர்தான். ஆறடி ஆண்கள் கோபத்தோடு சூழ்ந்து நிற்கும்போது, அண்ணாந்து பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

2019 அவருக்குப் பெரிய ஆண்டு. ஜூலை 7ஆம் நாள் லியோன் நகரில் நடந்த மகளிர் உலகக் கிண்ண இறுதி ஆட்டத்துக்கு அவரே நடுவர். ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டு 14ஆம் நாள் இஸ்தான்புல் நகரில் லிவர்பூலும் செல்சீயும் ஐரோப்பிய சூப்பர் கிண்ணத்துக்கு மோதின. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயரும் மனப்பாடம்தானே! அந்த ஆட்டத்துக்கு நடுவர் ஒரு பெண். கோட்டு நடுவர்களான மனுவேலா நிக்கோலோசியும் மிஷேல் ஓநீலும் பெண்கள்தான்.

ஆட்டம் சாதாரணமாக முடியவில்லை. கூடுதல் நேரம் வரை போய் 2–2 என்று நின்றது. செல்சீ அடித்த கோல்கள் இரண்டு, ஆப்சைட் என்று செல்லாமல் போயின. கூடுதல் நேரத்தில் செல்சீக்கு ஒரு பெனால்டியும் கொடுத்தார். கடைசியில் பெனால்டி உதைகளில் 5–4 என்று லிவர்பூல் வென்றது. ஆட்டம் முடிந்ததும் லிவர்பூல் பயிற்றுநர் யூர்கன் குளோப், அவர்கள் விசில் ஊதியதைப் போல் நாங்கள் ஆடியிருந்தால் 6–0 என்று வென்றிருப்போம் என்று பாராட்டினார். தமக்கு எதிராகப் பெனால்டி கொடுத்த நடுவரை ஒரு பயிற்றுநர் இப்படிப் புகழ்வது எளிதில் நடக்கிற காரியமா?

2020 டிசம்பர் 2இல் ஆண்களின் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில், யுவென்டசுக்கும் டைனமோ கியேவுக்கும் நடுவராக நின்றார். அந்தப் போட்டியில் ஒரு பெண் விசில் ஊதியது அதுவே முதல் முறை. 2022 டிசம்பர் 1இல் கட்டாரில் ஆண்கள் உலகக் கிண்ணம். ஜெர்மனிக்கும் கோஸ்டா ரீக்காவுக்கும் ஆட்டம். நடுவர் பிராப்பார். கோட்டு நடுவர்கள் பிரேசிலின் நெயூசா பாக், மெக்சிகோவின் கேரன் டியாஸ். உலகக் கிண்ணம் 1930இல் தொடங்கியது. ஒரு பெண் நடுத்திடலில் நின்று விசில் ஊத 92 ஆண்டுகள் ஆயின. அன்றைக்கு ஜெர்மனி 4–2 என்று வென்றும் போட்டியிலிருந்து வெளியேறியது. அவ்வளவு பெரிய நாடு அழுதுகொண்டு வீடு போன ஆட்டத்தில், "நடுவரால்தான் போயிற்று" என்று யாரும் குறை சொல்ல இடமிருக்கவில்லை.

"வெள்ளைக்காரர் நாட்டில் பெண்களுக்கு எல்லாம் சுலபம். நமக்கு அப்படியா?" என்று சிலர் கேட்கலாம். அங்கும் சுலபமாக இருக்கவில்லை, சகோதரிகளே. இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரில் டிக் கெர் என்றொரு தொழிற்சாலை இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கு வேலை செய்த பெண்கள் ஓர் அணி சேர்த்து ஆடினார்கள். அவர்களும் நம்மைப் போல் உழைத்துச் சாப்பிட்டவர்கள்தான். 1920 டிசம்பர் 26இல் லிவர்பூல் நகரில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5இல், காற்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம் என்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் முடிவு செய்தது. சங்கத்தைச் சேர்ந்த எந்தத் திடலிலும் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. பிரான்சின் காற்பந்துச் சம்மேளனம் மகளிர் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டதும் 1970இல்தான். ஆகவே, பிராப்பார் நின்ற திடல் அவருக்கு யாரும் விரித்துக் கொடுத்த பாய் அல்ல.

அவர் ஒருவர் மட்டுமா? ஜெர்மனியின் பிபியானா ஸ்டைன்ஹவுஸ் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். அவரும் முதலில் பந்து ஆடியவர். 2017 செப்டம்பர் 10இல் ஜெர்மனியின் முதல் பிரிவு ஆண்கள் ஆட்டத்துக்கு நடுவரான முதல் பெண் அவர். நம் தமிழ்ப் பெண் ஒருவரும் உண்டு. தமிழ்நாட்டில் திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி, ஆட்டக்காரியாக இருந்து நடுவராகி, 2016இல் அனைத்துலக நடுவர் பட்டியலில் இடம் பெற்றார். மலேசியாவுக்கும் பெருமை உண்டு. 1983இல் தாய்லாந்தில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் மலேசிய மகளிர் அணி மூன்றாம் இடம் பெற்றது. நம் அம்மாக்கள் காலத்திலேயே இந்த நாட்டுப் பெண்கள் பந்து ஆடியிருக்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

பள்ளியில் நன்றாக ஓடுகிற மகள் ஒருத்தி இருக்கிறாள். பன்னிரண்டு வயது வரை எல்லாரும் கைதட்டுகிறோம். பதினான்கு வந்ததும், "போதும், இனி வீட்டில் இரு" என்கிறோம். கேட்டால் வெயிலில் கறுத்துவிடுவாள், இருட்டி வருவாள், நாலு பேர் பேசுவார்கள், நாளைக்குக் கல்யாணம் பேச வேண்டாமா என்று காரணம் சொல்கிறோம். பெற்றவளின் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். இருட்டில் தனியாக வரும் பெண்ணைப் பற்றிக் கவலைப்படுவது தாயின் கடமை. அந்தக் கவலைக்கு மருந்து என்ன? மகளை நிறுத்துவதா? நீங்களும் ஒருநாள் திடலுக்குப் போங்கள். பயிற்றுநர் யார் என்று பாருங்கள், பேசுங்கள். கூட ஆடும் பெண்களின் தாய்மார்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முறை வைத்து இரண்டு பேர் கூடப் போய் அழைத்து வாருங்கள். அப்பாவையும் அண்ணனையும் சும்மா விடாதீர்கள். பிராப்பாரைத் திடலுக்குப் பழக்கியதே அவருடைய அப்பாவின் ஆட்டம்தான்.

மகள் பெரிய ஆட்டக்காரியாக வருவாளா என்று இன்றைக்கே கணக்குப் பார்க்க வேண்டாம். நூறு பேர் ஆடினால் ஒருத்திதான் நாட்டுக்கு ஆடுவாள். மற்றவர்கள் ஆடியது வீணா? முழங்கால் வலித்து ஆட்டம் நின்றாலும் சட்டம் படித்தவள் நடுவராகலாம். பொறுமை உள்ளவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்றுநராகலாம். முதலில் பள்ளி ஆட்டத்தில் கொடி பிடித்துக் கோட்டில் நிற்கட்டும். நடுவர் வகுப்பு எப்போது என்று உடற்கல்வி ஆசிரியரிடமோ, வட்டாரக் காற்பந்துச் சங்கத்திலோ கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இதில் சோறு போடும் வருமானம் வருமா என்று கேட்டால், எல்லாருக்கும் வராது என்றுதான் சொல்வேன். பிராப்பாரே, தொழிலாளர்களுக்காக 1934இல் பிரான்சில் தொடங்கிய ஒரு விளையாட்டுச் சம்மேளனத்தில் வேலை பார்த்துக்கொண்டுதான் நடுவராக வளர்ந்தார். ஆகவே படிப்பையும் வேலையையும் விட வேண்டாம். காசுக்கு மேல் ஒன்று அவளுக்குக் கிடைக்கும். நூறு பேர் கத்தும்போது, கண்ணால் கண்டதைச் சொல்லி, சொன்ன சொல்லில் நிற்கும் துணிச்சல்தான் அது. சம்பளத்தில் குறை வைத்த முதலாளியிடம் கணக்குக் கேட்கும்போதும், குடும்பத்தில் ஒரு நியாயம் பேசும்போதும் அந்தத் துணிச்சல் அவளுக்கு உதவும்.

அடுத்த முறை திடலில் விசில் சத்தம் கேட்டால், உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுப்பைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டே போங்கள். சோறு அரை மணி நேரம் தாமதமானால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.