விடுதிச் சமையலறையும் சட்டத்துக்குள் வரட்டும்

2021 டிசம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தவர்கள், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்கள். பூந்தமல்லி அருகே அவர்களின் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் கதி என்ன என்று யாரும் சொல்லாததால் வதந்தி பரவியது. கொதிப்பு சாலைக்கு வந்தது. சமையலறையில் எலிகள் இருந்ததைக் கண்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அதை மூடினர். விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. போராட்டத்தையடுத்து மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது.

அதன் பிறகு மாற்றம் வராமல் இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை சுமார் 706 கோடி ரூபாயில் கட்டி, மாநில அரசு நிறுவனமான சிப்காட் திறந்தது. பாராட்டலாம். ஆனால் ஒரகடம் வரை நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தில், அந்த வளாகத்துக்கு வெளியே உதிரிபாக ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வடமாநிலத்தவரும் இருக்கிறார்கள். அவர்கள் தட்டில் விழுவது என்ன என்று யார் பார்ப்பது?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்றது. அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளருக்கு இடம் தரவும் வழி செய்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறிவிட்டால் அந்த உரிமை ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. விடுதிச் சாப்பாடு ஒப்பந்ததாரரின் கணக்கு. அரிசியில் மிச்சம் பிடித்தால் அவருக்கு லாபம்.

"வேளாவேளைக்குச் சோறு போடுகிறோமே, இன்னும் என்ன?" என்ற மனப்போக்குதான் இதன் வேர். அந்தச் சோறு உழைப்புக்கான ஊதியத்தின் ஒரு பகுதி. தானமாகக் கருத எவருக்கும் உரிமையில்லை.

தொழிலாளர் விடுதிகள் அனைத்திலும் அங்கு தங்குவோரே தேர்ந்தெடுக்கும் உணவுக் குழுவை அரசு கட்டாயமாக்க வேண்டும். கெட்ட உணவுக்கு ஒப்பந்ததாரரோடு ஆலை நிர்வாகமும் பொறுப்பேற்க வேண்டும். ஆய்வு அறிக்கையைத் தமிழிலும் இந்தியிலும் விடுதி வாசலில் ஒட்ட வேண்டும். வாடகை அறைகளில் இருப்போருக்காக, ஷிப்ட் நேரத்துக்கேற்ப இரவிலும் திறந்திருக்கும் மலிவு விலை உணவகங்கள் ஒரகடத்துக்குத் தேவை. 2013-இல் சென்னையில் ஒரு ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தந்து காட்டிய மாநிலம் இது. பல ஆயிரம் கோடி முதலீட்டை அழைத்துவரும் அரசுக்கு இது எட்டாத செலவில்லை. அடுத்த மறியல்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கட்டும்.