'ஒருவகைப் பறவை': ஓர் உரைச் சோம்பல்

சங்கப் பாடலில் ஒரு நீர்ப்பறவை வந்துவிட்டால் நம் உரையாளர் பலருக்கும் கை தளர்ந்துவிடுகிறது. 'குருகு – ஒருவகைப் பறவை' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றனர். இதை உரை என்று ஒப்ப நாம் ஆயத்தமாக இல்லை. தன்வினை பிறவினையில் தடுமாறும் மாணவனின் மதிப்பெண்ணைக் குறைக்கும் தமிழ்த்துறைகள், கொக்கையும் நாரையையும் ஒன்றாக்கும் உரைநூலைப் பாடநூலாக வைக்கின்றன. இது என்ன நீதி?

குறுந்தொகையின் 25ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். களவு மணத்திற்குச் சான்றாக அங்கிருந்தது ஒரு குருகு மட்டுமே. அதன் கால் தினைத்தாள் போல மெல்லியது, பசியது என்கிறார் கபிலர். ஓடுநீரில் ஆரல் மீனையே அது நோக்கியிருந்தது என்கிறார். நம் வகுப்புகளில் இக்குருகு 'வெள்ளைக் கொக்கு' ஆகிவிடுகிறது. சின்ன வெள்ளைக் கொக்கின் கால் கருப்பு. பாதம் மட்டுமே மஞ்சள். மங்கிய பசுமை கலந்த காலோடு, நீர்க்கரையில் கல்லைப் போல அசையாமல் குறுகி நிற்பது மடையான் என்னும் குருட்டுக்கொக்கு. கபிலர் சொன்ன அடையாளம் அதற்கே பொருந்துகிறது. அருகில் நின்றாலும் கண்ணுக்குப் புலப்படாத, மீனைத் தவிர வேறெதையும் பொருட்படுத்தாத பறவை என்று அறிந்தால்தான் தலைவியின் கையறுநிலை முழுதும் விளங்கும். உள்ளுறை கருப்பொருளை நிலமாகக் கொண்டு பிறப்பது என்பது தொல்காப்பியர் கற்பித்த பாடம். நிலத்தை 'ஒருவகை' என்று விட்டுவிட்டு உள்ளுறையை மட்டும் அறுவடை செய்ய முயல்கிறோம் நாம்.

நெய்தல் திணைக்கு வருவோம். கருப்பொருள் அட்டவணையில் 'பறவை: கடற்காகம்' என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கடற்காகம் கருப்பன்று என்பதை எத்தனை பேர் அறிவர்? கருநிறத்தில் மூழ்கி மீன்பிடித்துச் சிறகை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம். கடற்காகமோ வெண்ணிற உடலும் சாம்பல் முதுகும் உடையது. நம் கடற்கரைக்கு வரும் பழுப்புத்தலைக் கடற்காகம் மத்திய ஆசிய உயர்நிலங்களில் கூடுகட்டிக் குளிர்காலத்தில் இங்கு வருவது. அப்போது அதன் தலையில் பழுப்பும் இராது. கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டுமே இருக்கும். பெயரை மட்டும் நம்பியவர் அதைக் கண்டாலும் காணமாட்டார்.

இதற்கெல்லாம் இமயத்துக்குப் போகவேண்டியதில்லை. வடசென்னையின் எம்.கே.பி. நகருக்கு விரிவு மகாகவி பாரதி நகர். ஒரு கவிஞனின் பெயர் தாங்கிய அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழி இருக்கிறது. அதற்கும் வடக்கே பழவேற்காட்டு ஏரி. நெய்தலைக் கரும்பலகையில் கற்பிக்கும் நாம் நம் மாணவரை அங்கே அழைத்துச் செல்வதில்லை. சாம்பலும் புகையும் நிறைந்த தொழிற்பேட்டையில் நெய்தல் ஏது என்பார்கள். நெய்தல் அங்கேதான் இருக்கிறது, அடிபட்டுக் கிடக்கிறது.

"இலக்கிய மாணவனுக்குப் பறவைக் கணக்கு எதற்கு? அது விலங்கியலார் வேலை" என்று மறுப்போர் உண்டு. பி.எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதியபோதும், க. ரத்னம் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் திரட்டியபோதும் அவ்வேலியைத் தாண்டியே எழுதினர். அவர்கள் திறந்த வாயிலை நாம் மீண்டும் சாத்தி வைத்திருக்கிறோம்.

இதனால் வரும் கேடு ஏட்டோடு நிற்பதில்லை. ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கை 1971இல் உருவானது. ஓரிடத்தில் 20,000 நீர்ப்பறவைகள் தொடர்ந்து கூடினாலோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே தங்கினாலோ அவ்விடம் உலகச் சிறப்புடையதாகலாம் என்பது அதன் அளவுகோல்களுள் சேர்ந்தது. 'ஒருவகைப் பறவை'யில் நூற்றில் ஒரு பங்கை யார் எண்ணுவது? பள்ளிக்கரணை 2022இல் அப்பட்டியலில் ஏறியதற்குப் பின்னால், ஆண்டுக்கணக்கில் சேற்றில் நின்று இனம் பிரித்து எண்ணியவர்களின் உழைப்பும் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிக்குள் பரவியது. மீனவரின் வலையும் படகும் கருத்தன. எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் நாளேடுகளில் வந்தன. கூழைக்கடா பெரிது, எளிதில் கண்ணில் பட்டது. சேற்றில் ஓடித்திரியும் உள்ளான்களுக்கு என்ன ஆயிற்று? முன்பு எத்தனை இருந்தன என்ற கணக்கு இருந்தால்தான் எத்தனை இழந்தோம் என்று வழக்காட முடியும். பெயரிடப்படாதது இறந்தால் அதற்கு இழப்பீடும் இல்லை, இரங்கற்பாவும் இல்லை.

ஆகவே தமிழ்த்துறைகளை நாம் கேட்பது மிகுதியன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை ஏதேனும் ஒரு நாள், நீர் வற்றும் வேளையில், மாணவரைக் கழிக்கரையில் நிறுத்துங்கள். முதலில் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்: இளஞ்சிவப்பாய் நீண்டிருந்தால் நெடுங்கால் உள்ளான். பிறகு அலகு: கீழ்நோக்கி வில்லாய் வளைந்திருந்தால் கோட்டான், மேல்நோக்கி வளைந்திருந்தால் கோணமூக்கு உள்ளான். பிறகு பறக்கும் முறை: கூரிய சிறகும் பிளந்த வாலுமாய் நீர்மேல் பாய்ந்தால் ஆலா. ஐயம் எழுந்தால் அங்கே வலை உலர்த்தும் மீனவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் தமிழ்தான், நம் அகராதிகளில் ஏறாத தமிழ்.

அதன்பின் குறுந்தொகையைத் திறந்து உரை எழுதுங்கள். அப்போதும் ஒரு பறவை பிடிபடவில்லை எனில் 'இன்னதென அறியோம்' என்று எழுதுங்கள். அது நேர்மை. 'ஒருவகைப் பறவை' என்பது அறியாமைக்கு அறிவின் உடுப்பை மாட்டிவிடுவது.