உடுக்குறி கற்பிக்கும் அடக்கம்

மொழிநூல்களில் சில சொற்களின் முன்னே சிறியதோர் உடுக்குறி நிற்கக் காண்கிறோம். 'இவ்வடிவம் எந்த ஏட்டிலும் கல்லிலும் கிடைத்ததன்று. ஒப்பிட்டு உய்த்துணர்ந்தது' என்பதே அதன் பொருள். தொல் கெல்த்திய மொழியின் '*ஃபிபெதி' என்னும் வினை அத்தகையது. 'பருகுகிறான்' என்று பொருள்படும்.

அயர்லாந்து, வேல்ஸ், பிரிட்டனி ஆகிய நிலங்களின் பழைய மொழிகளுக்குத் தாய் தொல் கெல்த்தியம். அதன் வினையை அறிஞர் எவ்வாறு கண்டனர்? பழைய ஐரிஷில் 'இபித்', வடமொழியில் 'பிபதி', இலத்தீனில் 'பிபிட்' என மூன்றும் ஒரே பொருளில் வழங்கின. ஐரிஷில் மட்டும் முதற் பகரம் இல்லை. இது தற்செயலன்று. இலத்தீனில் தந்தை 'பாத்தெர்', ஐரிஷில் 'அதிர்'. மீன் அங்கே 'பிஸ்கிஸ்', இங்கே 'ஈயஸ்க்'. கெல்த்தியத்தில் மொழிமுதற் பகரம் இதழ்களிடையே ஊதும் மூச்சொலியாகத் தேய்ந்து, பின்னர் மறைந்தது. நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனதை அறிந்தோர்க்கு இத்தேய்வு புதுமையன்று.

'பருகு' என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரின் முதலொலி இரட்டித்து இவ்வினை பிறந்தது. '*ஃபிபூ' என்றால் நான் பருகுகிறேன், '*ஃபிபெசி' நீ, '*ஃபிபெதி' அவன், '*ஃபிபொந்தி' அவர்கள். நம் ஏன், ஆய், ஆன், ஆர் விகுதிகளைப் போல ஈறே இடம் உணர்த்துகிறது.

'பருகு' என்பதன் பகரத்தையும் 'பிபதி'யின் பகரத்தையும் காட்டி உறவு கொண்டாடும் கட்டுரைகளை நாம் பலமுறை திருத்தியிருக்கிறோம். எழுதிய மாணவரின் தமிழ்ப்பற்றை ஐயுறவில்லை, முறையைத்தான் மறுக்கிறோம். ஓரொலி ஒத்தால் உறவாகாது. ஒரே மாற்றம் பல சொற்களில் ஒழுங்காக நிகழ்ந்திருத்தல் வேண்டும். வினையின் ஈறுகளும் ஒத்துவருதல் வேண்டும்.

1853இல் செருமானியரான சொய்ஸ் கெல்த்திய இலக்கணத்தை இம்முறையில் நிறுவினார். மூன்றாண்டு கழித்து, 1856இல், அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழின் தனித்தன்மையை உலகறியச் செய்தது வெற்றுப் பெருமிதமன்று. இந்த ஒப்பியல் முறையே.

ஆதலின் மாணவர்க்கு நாம் வேண்டுவது ஒன்றே. கண்டதைக் கண்டதென்றும், உய்த்துணர்ந்ததை உய்த்துணர்ந்ததென்றும் எழுதுங்கள். உடுக்குறி இடுவதால் ஆய்வாளன் சிறுமையுறுவதில்லை. அதனை இடத் தயங்கும்போதுதான் மொழிப்பற்றும் ஆய்வும் ஒருங்கே கெடுகின்றன.