‘வந்திருக்க வேண்டும்’



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை நோக்கிச் செல்வோர், வழியில் கைப்பேசியைப் பார்த்து, “டவர் போய்விட்டது” என்று கூறுவதைக் கேட்டிருக்கிறோம். உண்மையில் டவர் எங்கும் போவதில்லை. ஆங்கிலத்தில் அச்சொல் கோபுரத்தை மட்டுமே குறிக்கும். கோபுரத்திலிருந்து வருவது ‘சிக்னல்’. அது எட்டும் பரப்பு ‘கவரேஜ்’. கோபுரங்களையும் கருவிகளையும் பிணைக்கும் அமைப்பு ‘நெட்வொர்க்’. ஆகவே ‘ஐ ஹேவ் நோ டவர்’ என்று எழுதாமல், ‘ஐ ஹேவ் நோ சிக்னல்’ என்று எழுதப் பழகுவோம்.

‘கனெக்‌ஷன்’ என்பது இணைப்பு. ‘ஆக்ஸஸ்’ என்பதோ அதனினும் விரிந்த பொருளுடையது. ஒன்றை அடைந்து பயன்படுத்தும் வாய்ப்பை அது குறிக்கும். கையில் கருவி, கட்டணத்துக்குப் பணம், எட்டும் சிக்னல், படித்தறியும் திறன் ஆகிய நான்கும் கூடினால்தான் ‘இன்டர்நெட் ஆக்ஸஸ்’ உண்டென்று சொல்லலாம். இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. எனினும் 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நம் நாட்டு ஊர்ப்புறங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 வீடுகளுக்கும், நகர்ப்புறங்களில் 42 வீடுகளுக்குமே இணைய வசதி இருந்தது.

இக்குறையின் கொடுமை 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வெளிப்பட்டது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில் பாடங்கள் கைப்பேசி வழியாகவும் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் சென்றன. சிக்னல் எட்டாத மலைச் சிற்றூர்ப் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். அக்காலத்தில் சமவெளியில் ஓர் ஆசிரியர், “பாடம் பிள்ளைகளுக்கு வந்திருக்க வேண்டும்” என்று கூறுவதாகக் கொள்வோம். மலைமேல் ஒரு தாயும், “பாடம் வந்திருக்க வேண்டும்” என்றே கூறுகிறார். சொற்கள் ஒன்றே, பொருளோ எதிரெதிர். ஆசிரியர் கூறுவது ஊகம்: அனுப்பியாயிற்று, எனவே வந்து சேர்ந்திருக்கும் என்பது. இதனை ஆங்கிலம் ‘மஸ்ட் ஹேவ் கம்’ என்னும். தாய் கூறுவது குறை: வர வேண்டியது வரவில்லை என்பது. இதனை ‘ஷுட் ஹேவ் கம்’ என்னும். தமிழில் இவ்வேறுபாட்டை இடமும் குரலும் உணர்த்தும். ஆங்கிலத்திலோ துணைவினையே அதனைக் காட்டியாக வேண்டும்.

‘வந்திருக்கலாம்’ என்பதும் அத்தகையதே. வந்ததோ இல்லையோ தெரியாதபோது ‘மைட் ஹேவ் கம்’ என்க. வரும் வாய்ப்பிருந்தும் வரவில்லை என்றால் ‘குட் ஹேவ் கம்’ என்க. (பின்னது ஐயப்பொருளிலும் வழங்குவதுண்டு.) ‘வந்திருக்க முடியாது’ என்று துணிந்தால் ‘காண்ட் ஹேவ் கம்’. வீணாக வந்துவிட்டவரிடம், ‘நீங்கள் வந்திருக்க வேண்டியதில்லை’ என்பதற்கு ‘யூ நீடன்ட் ஹேவ் கம்’.

இரண்டு விதிகளை மனத்தில் இருத்துக. ஒன்று: துணைவினைக்குப் பின் எப்போதும் ‘ஹேவ்’ மட்டுமே வரும், ‘ஹீ’, ‘ஷீ’ என்று தொடங்கினும் ‘ஹேஸ்’ ஆகாது. அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம் வரும்: ‘ஷுட் ஹேவ் கான்’ சரி, ‘ஷுட் ஹேவ் வென்ட்’ பிழை. மற்றொன்று: பேச்சில் ‘ஹேவ்’ குறுகி ‘ஆஃப்’ போல ஒலிக்கும். அதைக் கேட்டு அவ்வாறே எழுதிவிடலாகாது. ஆங்கிலேயருள்ளும் பலர் செய்யும் பிழை இது.

‘மஸ்ட் ஹேவ்’ என்று ஊகித்து அமைந்துவிட்டால், ‘ஷுட் ஹேவ்’ என்று ஏங்குவோரின் குரல் நம் செவிக்கு எட்டாது. இணையத்தை அடையும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதியென 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவை எட்டாத 24,680 சிற்றூர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை வழங்கும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் நடுவணரசு ஒப்புதல் தந்தது. தீர்ப்பும் திட்டமும் வந்துவிட்டன என்பதாலேயே சேவையும் வந்திருக்கும் என்று கொள்ளாமல், மலையிலுள்ள உறவினரையும் நண்பரையும் கேட்டறிவோமாக. சிக்னல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடத்தை அச்சிட்டோ கையால் எழுதியோ கொடுத்துதவுவதும் நம்மால் இயன்றதே.

இவ்வாரப் பயிற்சி: பிள்ளைகளே, கீழுள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள்.

1. நேற்றே ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.
2. அவள் பாடத்தை டவுன்லோட் செய்திருக்க வேண்டும். அதனால்தான் விடை சொல்கிறாள்.
3. அவனுக்குச் சிக்னல் கிடைத்திருக்க முடியாது.

முதலாவதற்கு ‘ஷுட் ஹேவ்’, இரண்டாவதற்கு ‘மஸ்ட் ஹேவ்’, மூன்றாவதற்கு ‘காண்ட் ஹேவ்’. ஏன் என்பதையும் ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லுங்கள். விளக்கத் தெரிந்தவர்க்கே பாடம் வந்திருக்கிறது என்று பொருள்.