தண்ணி கேட்கிற நாமதான் நிலம் இழக்கிறவனுக்கும் கேட்கணும்!



வைகையில் தண்ணீர் திறந்தாச்சுன்னு சேதி வந்தால் நம்ம கண்மாய்க்கரையில் எவ்வளவு சந்தோஷம்! ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்ற பங்கீட்டை நம்ம ஊர்ச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அந்தப் பங்குக்காக ரோட்டில் உட்கார்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தத் தண்ணி யாரோட ஊர் மேல தேங்கி நிக்குதுன்னு ஒருநாளாவது நினைச்சோமா?

1959ல் திறந்த வைகை அணைக்காக ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமங்கள் மூழ்கின. வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவல் அந்தச் சனங்களின் கதைதான். 2003ல் அதற்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. கதைக்கு விருது கிடைத்தது. காடு இழந்தவனுக்கு என்ன கிடைத்தது? அன்றைக்கு இருந்தது வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் வருஷத்துச் சட்டம். நிலத்துக்கு விலை பேசும். மறுவாழ்வு என்ற பேச்சே அதில் கிடையாது. கூலிக்காரன் கணக்கிலேயே வரமாட்டான்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து குண்டாறு வரை 262 கிலோமீட்டர். நமக்கு அது வேணும். வேண்டாம்னு சொன்னா நம்ம வயலுக்கு நாமே துரோகம் செஞ்ச மாதிரி. ஆனா கால்வாய் ஆகாயத்துல ஓடாது. நம்மளப்போல ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்காரன் புஞ்சையிலதான் ஓடும்.

2013ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது? பாசனத் திட்டத்தில் நிலம் இழந்த குடும்பத்துக்கு, பணத்துக்குப் பதிலாக, அந்தத் திட்டத்தின் ஆயக்கட்டிலேயே குறைந்தது 1 ஏக்கர் தரவேண்டும். நிலமெடுப்புக்கு முன் 3 வருஷம் அங்கே வேலை செய்து பிழைத்த கூலிக்காரனும் பாதிக்கப்பட்டவன்தான். ஆனால் நிலம் தரும் இடத்தில் 'முடிந்தவரை' என்று ஒரு வார்த்தையைச் செருகி வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் அதிகாரிகள் நழுவுவார்கள்.

ஆயக்கட்டு என்றால் அதில் நம்ம ஊரும் உண்டு. நிலம் இழந்தவன் நாளைக்கு இங்கே வந்து ஒரு ஏக்கர் கேட்டால், 'வெளியூர்க்காரன்'னு விரட்டுவோமா? விரட்டினால் கடைமடைக்காரன் நியாயம் பேச நமக்கு வாயில்லை.

ஆகவே அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று தீர்மானம் போடுங்கள்: கால்வாய் சீக்கிரம் வரவேண்டும், நிலத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வரவேண்டும், கூலிக்காரன் பெயரும் பட்டியலில் ஏறவேண்டும். அடுத்தவன் கண்ணீர் கலந்த தண்ணி நம்ம நெல்லுக்கு வேண்டாம்!

தோழமையுடன்,
சங்கச் செயலாளர்