அப்பா பிறந்த மலையைப் பிள்ளைக்குக் காட்டுவோம்



தோட்டப் பிள்ளையிடம் “உன் சொந்த ஊர் எது?” என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லும். இல்லாவிட்டால் தாத்தா சொன்ன திருச்சி, புதுக்கோட்டை என்று தான் பார்த்தேயிராத ஓர் ஊரைச் சொல்லும். எதைச் சொன்னாலும் குரல் இறங்கிவிடும். ஒன்றைச் சொன்னால் ‘தோட்டக்காட்டான்’ என்பார்கள், மற்றதைச் சொன்னால் ‘இந்தியாக்காரன்’ என்பார்கள் என்று அதற்கும் தெரியும். இந்தத் தயக்கத்தைப் பாடப் புத்தகம் போக்காது. பெற்றவர்கள்தான் போக்க முடியும்.

கடந்த விடுமுறையில் எங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு, தலவாக்கலைப் பக்கம் அவர் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஹட்டனில் பஸ் ஏறினோம். டெவன் வந்ததும், “இங்கதான் லெட்சுமணன சுட்டாங்க, மகன்” என்றார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க அரசாங்கம் திட்டமிட்டபோது நம் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1977 மே 11ஆம் திகதி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் டெவன் நீர்வீழ்ச்சியைப் படம் பிடிக்கும் அதே பாதையில் இதுவும் நடந்தது. பக்கத்து ஆசனத்தில் ஒரு பெரியவர் இருந்தால்தான் பிள்ளைக்கு இது தெரியவரும்.

அப்பா பிறந்த லயம் இடிந்து கிடந்தது. ஆனால் பீலி எங்கே இருந்தது, காமன் பொட்டல் எது, எந்த மலையில் எங்கள் பாட்டி கொழுந்து எடுத்தார் என்பதெல்லாம் அவருக்கு மறக்கவில்லை. கணக்கில் அவை வெறும் நம்பர் மலைகள். அப்பாவிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. தாத்தாவைப் புதைத்த இடத்தை ஒரு பெரிய கல்லை வைத்துத்தான் கண்டுபிடித்தார். சுற்றிலும் தேயிலை வளர்ந்து நின்றது. திரும்பும்போது ஒரு வயதான அம்மா வழிமறித்து, “நீங்க யாரு வீட்டு ஆளு?” என்று கேட்டார். அப்பா தன் தகப்பனார் பெயரைச் சொன்னார். “கடைசிக் காம்பரா குடும்பமா?” என்று கேட்டு, உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். அடையாள அட்டையை யாரும் கேட்கவில்லை.

நம் மூத்தவர்களிடம் அட்டையும் பத்திரமும் கேட்கப்பட்ட வரலாறு நீண்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் போட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். எங்கள் பெரியப்பா குடும்பமும் தலைமன்னாருக்கு அழுகைக் கோச்சி ஏறியது. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை கிடைத்தது. அங்கே அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரர்’.

2003ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தபோது முக்கியமாக என்ன கேட்டது? 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்தவரா, அப்படி வசித்தவரின் வழித்தோன்றலா என்று கேட்டது. அதாவது, இங்கே வாழ்ந்த காலமே உரிமையின் ஆதாரமாயிற்று.

காணி விடயத்தில் அந்த நிலை இன்னும் வரவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கைகள் மாறினாலும் லயத்தில் பிறந்தவருக்கு லயம் சொந்தமில்லை. இன்று 7 பேர்ச்சஸ் என்று பேசுகிறோம். அதைக் கேட்கும்போது, ‘நீங்கள் யார், எத்தனை தலைமுறையாக எங்கே இருக்கிறீர்கள்’ என்ற கேள்வி வரும். அதற்கான பதிலில் பெரும் பகுதி எழுத்தில் இல்லை. நம் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

“சம்பளமே பிரச்சினையாக இருக்கும்போது பழங்கதை எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பளப் போராட்டத்தை ஒருநாளும் விட முடியாது. ஆனால் சம்பளத்தை அடுத்த வருடமும் கேட்கலாம், போன பெரியவரிடம் எதையும் கேட்க முடியாது. “பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போகட்டும், மறுபடி லயத்தைக் காட்டிக் கட்டிப்போடாதீர்கள்” என்பவர்களும் உண்டு. பிள்ளை கொழும்புக்கும் போகட்டும், பல்கலைக்கழகத்துக்கும் போகட்டும். அங்கே யாராவது ஊரைக் கேட்டால் நிமிர்ந்து சொல்லட்டும் என்பதே நமது விருப்பம்.

2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, மலையகம் 200ஐ முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். முன்னோர் காட்டு வழியே நடந்து வந்த பாதையை நினைவுகூர்ந்த நடை அது. பதினாறு நாள் நடக்க எல்லோராலும் முடியாது. ஒரு நாள் பஸ் ஏற முடியும்.

ஆகவே வரும் விடுமுறையில் அப்பாவையோ அம்மாவையோ அவர்கள் பிறந்த தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள், பிள்ளைகளையும் சேர்த்து. கல்யாணமாகி வேறு தோட்டத்துக்கு வந்த அம்மாமார் எத்தனையோ பேர் பிறந்த லயத்தைப் பார்த்தே பல வருடமாகியிருக்கும். ஒரு கொப்பியில் பிள்ளை எழுதட்டும்: மலைகளுக்கு மக்கள் வைத்த பெயர், லயம் இருந்த இடம், கோயில், எந்த வருடம் யார் வந்தார், யார் போனார், யாரை எங்கே புதைத்தார்கள். மயானங்களை அளந்து எல்லை போட வேண்டும் என்று தோட்டக் கமிட்டிகள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

அந்தக் கொப்பியை அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்து, காணிக் கோரிக்கைக் கோவையோடு சேர்த்து வைப்போம்.